கஞ்சாச் செடியிலிருந்து புதிய ஆன்டிபயாடிக்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூருவில் ஒரு மருத்துவமனையின் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் வேலை செய்யும் என்னிடம், அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் விவேக் நகரிலும் இருக்கும் உறவினர்களும் நண்பர்களும் வாட்ஸ்அப்பில் வரும் மருத்துவச் செய்திகளை அனுப்பி "இது உண்மையா?" என்று கேட்பது வழக்கம். அப்படி வரும் செய்திகளில், கஞ்சாச் செடியில் உள்ள ஒரு பொருள் எந்த மருந்துக்கும் அடங்காத கிருமியைக் கொல்கிறது என்ற செய்தி சில மாதங்களுக்கு ஒருமுறை புதிய தலைப்போடு திரும்பி வருகிறது. செய்தியின் அடிப்படை உண்மையானது. அதிலிருந்து மக்கள் எடுத்துக்கொள்ளும் முடிவுகள்தான் பெரும்பாலும் தவறு. என்னிடம் மீண்டும் மீண்டும் கேட்கப்படும் கேள்விகளையும் அவற்றுக்கான விடைகளையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

கஞ்சாச் செடியில் பாக்டீரியாவைக் கொல்லும் பொருள் இருக்கிறது என்பது உண்மைதானா?

உண்மைதான், இது புதிய செய்தியும் அன்று. 1950-களில், அன்றைய செக்கோஸ்லோவாக்கியாவின் ஓலோமோட்ஸ் நகரில் உள்ள பலாட்ஸ்கி பல்கலைக்கழகத்தில் கபேலிக், க்ரெய்ச்சி, ஷான்தாவி ஆகியோர் சணல் வகைக் கஞ்சாச் செடியின் சாற்றில் பாக்டீரியாவைத் தடுக்கும் அமிலம் ஒன்று இருப்பதைக் கண்டு, அந்தச் சாற்றைப் புண்களுக்கும் காது, வாய்த் தொற்றுகளுக்கும் மேற்பூச்சாகப் பயன்படுத்திப் பார்த்தார்கள். 1976-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் இருவர், கஞ்சாப் பிசினில் உள்ள டி.எச்.சி., சி.பி.டி. என்னும் இரண்டு சேர்மங்களைத் தூய வடிவில் எடுத்து, ஸ்டஃபிலோகாக்கஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிகளை அவை எந்த அளவில் கொல்கின்றன என்று அளந்தார்கள். 2008-இல் இத்தாலியின் ஜொவான்னி அப்பெண்டினோவும் லண்டனின் சைமன் கிப்பன்சும் தம் குழுவினரோடு ஐந்து முக்கியச் சேர்மங்களைச் சோதித்து, மெத்திசிலின் என்ற ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ், அதாவது மருத்துவமனைகளில் எம்.ஆர்.எஸ்.ஏ. என்று அழைக்கப்படும் கிருமி, ஒரு மில்லிலிட்டருக்கு 0.5 முதல் 2 மைக்ரோகிராம் வரையிலான மிகச் சிறிய அளவிலேயே தடுக்கப்படுவதைக் காட்டினார்கள்.

இப்போது வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திகளின் மூலம் பெரும்பாலும் இரண்டு ஆய்வுகள். ஒன்று, 2020-இல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் எரிக் பிரவுன் குழு சி.பி.ஜி. என்ற சேர்மத்தைப் பற்றி வெளியிட்டது. மற்றொன்று, 2021-இல் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் மார்க் பிளாஸ்கோவிச் குழு சி.பி.டி. பற்றி வெளியிட்டது.

இந்தச் சேர்மங்கள் எவை? இவற்றால் போதை ஏறுமா?

கஞ்சாச் செடியின் பெண் பூக்களில் உள்ள நுண்ணிய சுரப்பி மயிர்களில் பிசின் ஊறுகிறது. அந்தப் பிசினில் கன்னாபினாய்டுகள் எனப்படும் சேர்மங்கள் நூற்றுக்கும் மேல் இருக்கின்றன. போதை தருவது அவற்றில் முதன்மையாக டி.எச்.சி. மட்டுமே. சி.பி.டி.-யும் சி.பி.ஜி.-யும் அவ்வகைப் போதையைத் தருவதில்லை. செடிக்குள் முதலில் உருவாவது சி.பி.ஜி.-யின் அமில வடிவம். அதை எடுத்துக்கொண்டு செடியின் நொதிகள் மற்றவற்றைச் செய்துவிடுவதால், முற்றிய பூவில் சி.பி.ஜி. பொதுவாக நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே மிஞ்சுகிறது.

ஆன்டிபயாடிக் தேடுபவருக்கு இது ஒரு நல்ல வாய்ப்பு, ஏனென்றால் அப்பெண்டினோவின் சோதனையில் போதை தரும் சேர்மமும் தராத சேர்மமும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் கிருமியைத் தடுத்தன. போதையும் கிருமியைக் கொல்லும் திறனும் ஒன்றையொன்று சார்ந்தவை அல்ல என்று அதிலிருந்து தெரிகிறது. ஆகவே போதையை முழுவதுமாக விட்டுவிட்டு மற்றதை மட்டும் வளர்த்தெடுக்க முடியும்.

கிருமியை இவை எப்படிக் கொல்கின்றன?

பாக்டீரியாவின் உட்சவ்வைக் குலைத்துத்தான். கன்னாபினாய்டுகள் கொழுப்பில் கரையும் தன்மை கொண்டவை. பாக்டீரியாவின் செல்லைச் சுற்றியுள்ள சவ்வும் கொழுப்பால் ஆனது. அந்தச் சவ்வுக்குள் இவை நுழைந்து அதன் கட்டுக்கோப்பைக் கெடுக்கும்போது செல் தன் உள்நிலையைக் காத்துக்கொள்ள முடியாமல் இறக்கிறது. பென்சிலின் செல்சுவர் கட்டப்படுவதைத் தடுக்கிறது, சிப்ரோஃப்ளாக்சசின் மரபுப்பொருள் படியெடுக்கப்படுவதைத் தடுக்கிறது. வளராமல் உறங்கிக்கிடக்கும் பாக்டீரியா சுவர் கட்டுவதுமில்லை, படியெடுப்பதுமில்லை என்பதால் இத்தகைய மருந்துகளிலிருந்து பெரும்பாலும் தப்பித்துவிடுகிறது. சவ்வோ உறங்கும் செல்லுக்கும் இருக்கிறது. மெக்மாஸ்டர் குழுவின் ஆய்வில் சி.பி.ஜி. அத்தகைய உறங்கு செல்களையும் கொன்றது, கிருமிகள் கூட்டமாக ஒட்டிக்கொண்டு உருவாக்கும் உயிர்ப்படலத்தையும் தடுத்தது. செயற்கை மூட்டு, இதய வால்வு, சிறுநீர்க் குழாய் போன்ற உடலுக்குள் வைக்கப்படும் பொருள்களின்மேல் படியும் தொற்றுகளைத் தீர்ப்பது எவ்வளவு கடினம் என்று அறிந்த மருத்துவர்கள் இந்த ஆய்வில் முதலில் கவனிப்பது இதைத்தான்.

சவ்வு மனித செல்லுக்கும் உண்டே என்று நீங்கள் கேட்டால், கேள்வி சரியானது. பாக்டீரியாவின் சவ்வைக் குலைக்கும் அளவுக்கும் நம் செல்களைக் காயப்படுத்தும் அளவுக்கும் இடையே போதிய இடைவெளி இருக்கிறதா என்பதே இந்த வகை மருந்துகள் எல்லாவற்றின் தலைவிதியையும் தீர்மானிக்கிறது.

"மிகச் சிறிய அளவிலேயே கொல்கிறது" என்பதை எப்படி அளக்கிறார்கள்?

எங்கள் ஆய்வகத்தில் நாள்தோறும் செய்யும் வேலைதான் இது. உள்ளங்கை அகலமுள்ள ஒரு பிளாஸ்டிக் தட்டில் 8 வரிசைகள், வரிசைக்கு 12 குழிகள் என 96 குழிகள் இருக்கும். முதல் குழியில் ஒரு மில்லிலிட்டருக்கு 64 மைக்ரோகிராம் மருந்து, அடுத்ததில் 32, அதற்கடுத்ததில் 16 என்று பாதிபாதியாகக் குறைத்துக்கொண்டே போவோம். ஒவ்வொரு குழியிலும் ஒரே எண்ணிக்கையில் பாக்டீரியாவை விட்டு, 35 டிகிரி வெப்பத்தில் ஓர் இரவு வைத்துவிட்டு, காலையில் தட்டை விளக்கு வெளிச்சத்தில் உயர்த்திப் பார்த்தால், கிருமி வளர்ந்த குழிகள் கலங்கி, அடியில் வெள்ளைப் பொட்டு போல் படிவு தெரியும். தடுக்கப்பட்ட குழிகள் தெளிந்து இருக்கும். தெளிந்த குழிகளிலேயே மிகக் குறைந்த மருந்துள்ள குழியின் எண்தான் குறைந்தபட்சத் தடுப்புச் செறிவு.

கன்னாபினாய்டு போன்ற எண்ணெய்த்தன்மையுள்ள பொருளை இந்தத் தட்டில் சோதிப்பது சற்றுத் தொல்லை பிடித்த காரியம். தண்ணீரில் கரையாததால் அதிகச் செறிவில் மருந்தே கலங்கலாகப் பிரிந்து, கிருமி வளர்ந்தது போல் கண்ணை ஏமாற்றும். பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொண்டால் குழியில் நாம் விட்டதாக நினைக்கும் அளவு உண்மையில் இருக்காது. எனவே ஒரு கட்டுரையில் வரும் எண்ணை இன்னொரு கட்டுரையின் எண்ணோடு நேராக ஒப்பிடக் கூடாது.

1950-களிலேயே தெரிந்திருந்தும் ஏன் இன்னும் மருந்தாக வரவில்லை? மருந்து நிறுவனங்கள் மறைக்கின்றனவா?

மறைக்கவில்லை, கட்டுரைகள் எல்லாம் வெளிப்படையாக அச்சானவை. காரணங்கள் மூன்று, அவற்றில் ஒன்று மற்ற இரண்டையும்விட மிகப் பெரியது.

முதலில் காலம். 1950-களும் 1960-களும் ஆன்டிபயாடிக்குகளின் பொற்காலம். 1943-இல் செல்மன் வாக்ஸ்மனின் ஆய்வகத்தில் மண் பாக்டீரியாவிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசின் கிடைத்த பிறகு, டெட்ராசைக்ளின், எரித்ரோமைசின், வான்கோமைசின் என்று மண்ணிலிருந்தே ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. அந்த வரிசைக்கு நடுவே ஒரு செடியின் பிசினை யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. அடுத்தது சட்டம்: 1961-இல் ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள் உடன்படிக்கை கஞ்சாவை மிகக் கடுமையான பட்டியலில் சேர்த்தது, ஆய்வுக்காகக்கூட அதைப் பெறுவது பல நாடுகளில் சிரமமாயிற்று.

மூன்றாவதுதான் உண்மையான முட்டுக்கட்டை. 1976-ஆம் ஆண்டு நெதர்லாந்துக் கட்டுரையில் ஒரு வரி இருக்கிறது. சாதாரண வளர்ப்புக் கரைசலில் 1 முதல் 5 மைக்ரோகிராமிலேயே கிருமியைத் தடுத்த அதே சேர்மங்கள், கரைசலில் நூற்றுக்கு 4 பங்கு சீரத்தையோ 5 பங்கு இரத்தத்தையோ கலந்தவுடன் 50 மைக்ரோகிராம் வரை தேவைப்பட்டன. நம் உடலில் ஓடுவது நூற்றுக்கு 5 பங்கு இரத்தம் கலந்த கரைசல் அல்ல, முழு இரத்தம். அதிலுள்ள ஆல்புமின் முதலிய புரதங்களில் இந்தக் கொழுப்புத்தன்மையுள்ள சேர்மங்கள், எண்ணெய்ப் பிசுக்கு பாத்திரத்தில் ஒட்டுவது போல ஒட்டிக்கொள்கின்றன; சி.பி.டி. நூற்றுக்கு 94 பங்குக்கும் மேல் அப்படி ஒட்டிக்கொள்கிறது. கிருமியைத் தேடிப் போவதற்குத் தனித்து மிஞ்சுவது மிகச் சிறிதளவே. வாட்ஸ்அப் செய்திகளில் நான் ஒருமுறைகூடக் காணாத எண் இந்த 50 தான். இந்த ஓர் எண்ணைப் புரிந்துகொண்டால், ஏழு பத்தாண்டுகளாக மருந்து வராததன் காரணம் பெரும்பாலும் புரிந்துவிடும்.

இதற்குப் பரிகாரம் தேடும் வழிகளும் இருக்கின்றன. மூலக்கூறின் பக்கச் சங்கிலியைக் குறைத்தோ மாற்றியோ அதன் கொழுப்புத்தன்மையைத் தணிப்பது ஒரு வழி. இரத்தத்தைத் தொடாத இடங்களில் மட்டும் பயன்படுத்துவது மற்றொரு வழி.

எலியில் வெற்றி பெற்றதாகப் படித்தேனே?

ஆம். மெக்மாஸ்டர் குழு எம்.ஆர்.எஸ்.ஏ. தொற்று ஏற்படுத்திய எலிகளுக்குக் கிலோவுக்கு 100 மில்லிகிராம் சி.பி.ஜி. கொடுத்தபோது, மண்ணீரலில் இருந்த கிருமிகளின் எண்ணிக்கை பல நூறு மடங்கு குறைந்தது; வான்கோமைசின் கொடுத்த எலிகளிலும் ஏறத்தாழ அதே பலன் கிடைத்தது. நம்பிக்கை தரும் முடிவு என்பதில் ஐயமில்லை. ஆனால் எலியின் அளவை மனித அளவாக மாற்ற வழக்கமாக 12-ஆல் வகுப்பார்கள். அப்படி வகுத்தால் கிலோவுக்கு 8 மில்லிகிராம், 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு ஏறத்தாழ 500 மில்லிகிராம். கேட்பதற்கு அதிகமாகத் தோன்றாவிட்டாலும், அவ்வளவு சி.பி.ஜி.-யைக் கடும் தொற்றில் தளர்ந்திருக்கும் நோயாளியின் உடல் எப்படித் தாங்கும் என்பது மனிதரில் சோதிக்காமல் தெரியாது. மறுபுறம், குவீன்ஸ்லாந்து குழு சி.பி.டி.-யை எலியின் தொடைத் தசைத் தொற்றில் உடல் முழுக்கப் பரவும் விதத்தில் கொடுத்துப் பார்த்தபோது பலன் கிட்டவில்லை. தோல்மேல் தடவியபோதுதான் கிருமி குறைந்தது. ஒரே குடும்பத்துச் சேர்மங்கள் இரண்டு, முடிவுகளும் இரண்டு. இரண்டையும் சேர்த்துச் சொல்லாத செய்தி அரைச் செய்தி.

இந்தியாவில் பெரும் தொல்லை தரும் கிருமிகளுக்கு இது உதவுமா?

இந்தக் கேள்வியை யாராவது கேட்கமாட்டார்களா என்று நான் காத்திருப்பது வழக்கம். பாக்டீரியாக்களைக் கிராம் சாயத்தின் அடிப்படையில் இரு பெரும் பிரிவாகப் பிரிக்கிறோம். எம்.ஆர்.எஸ்.ஏ. கிராம்-பாசிட்டிவ் பிரிவைச் சேர்ந்தது. நம் மருத்துவமனைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் மருத்துவர்களைக் கையைப் பிசைய வைப்பவை பெரும்பாலும் மற்றப் பிரிவான கிராம்-நெகட்டிவ் கிருமிகள்: க்ளெப்சியெல்லா, அசினெட்டோபாக்டர், ஈ.கோலை, சூடோமோனாஸ். உலக சுகாதார நிறுவனம் 2024-இல் வெளியிட்ட முன்னுரிமைப் பட்டியலிலும் கார்பபெனம் மருந்துகளுக்கு அடங்காத அசினெட்டோபாக்டரும், க்ளெப்சியெல்லா அடங்கிய குடல்வாழ் குடும்பமும் மிக அவசர நிலையில் இருக்கின்றன, எம்.ஆர்.எஸ்.ஏ. அதற்கு ஒரு படி கீழே வருகிறது. கார்பபெனம் மருந்துகளைச் சிதைக்கும் என்.டி.எம்.-1 என்ற நொதியை நினைவில் வைத்திருப்பீர்கள். 2008-இல், புது தில்லியில் சிகிச்சை பெற்றுச் சென்ற ஒருவரிடம் சுவீடனில் முதலில் கண்டறியப்பட்டு, 2010-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமியை முதன்மை ஆசிரியராகக் கொண்ட கட்டுரை வெளிவந்தபோது நாடாளுமன்றம் வரை சர்ச்சையான அந்த நொதியைச் சுமப்பவை இந்தக் கிராம்-நெகட்டிவ் கிருமிகளே.

இவற்றுக்கு உட்சவ்வின் வெளியே இன்னொரு சவ்வு உண்டு. அதன் புறப்பரப்பு சர்க்கரைச் சங்கிலிகளால் நெருக்கமாக மூடப்பட்டிருப்பதால், கொழுப்புத்தன்மையுள்ள மூலக்கூறுகள் எளிதில் உள்ளே போக முடிவதில்லை. எனவே கன்னாபினாய்டுகள் தனித்து இவற்றைத் தொடுவதில்லை. 1976-ஆம் ஆண்டுக் கட்டுரையே இதைச் சொல்லிவிட்டது. விதிவிலக்கு சில உண்டு: குவீன்ஸ்லாந்து குழு கொனோரியாக் கிருமி, மூளைச்சவ்வுக் காய்ச்சலின் மெனிஞ்சோகாக்கஸ், லெஜியோனெல்லா ஆகியவற்றை சி.பி.டி. கொல்வதைக் காட்டியது. கொனோரியா உலகெங்கும் மருந்துகளுக்கு அடங்காமல் போய்க்கொண்டிருப்பதால் அது முக்கியமான முடிவுதான், ஆனால் தீவிர சிகிச்சைப் பிரிவின் கவலையை அது தீர்க்காது.

மெக்மாஸ்டர் குழு வேறொரு வழி பார்த்தது. பாலிமிக்சின்-பி என்ற பழைய மருந்து வெளிச்சவ்வைத் திறக்கும். கிருமியைக் கொல்லப் போதாத சிறு அளவிலேயே அதைச் சேர்த்தபோது, சி.பி.ஜி. உள்ளே நுழைந்து க்ளெப்சியெல்லா முதலாக மேற்சொன்ன நான்கு தீவிர சிகிச்சைப் பிரிவுக் கிருமிகளையும் தடுத்தது. பாலிமிக்சின் வகை மருந்துகள் சிறுநீரகத்தைப் பாதிப்பவை, ஆகவே அவற்றின் அளவைக் குறைக்க உதவும் எந்தத் துணையும் மதிப்புள்ளது. என் கணிப்பில், நம் நாட்டுக்குக் கன்னாபினாய்டு ஆய்வால் பயன் விளைந்தால் அது இந்தத் துணை மருந்து வழியில்தான் விளையும். டென்மார்க்கில் 2020-இல் வெளியான ஓர் ஆய்வும் இதே திசையில், சி.பி.டி. சேர்ந்தால் பாசிட்ராசின் என்ற ஆன்டிபயாடிக் குறைந்த அளவிலேயே கிராம்-பாசிட்டிவ் கிருமிகள்மேல் வேலை செய்வதைக் காட்டியது.

கிருமிகள் இதற்கு எதிர்ப்புத் திறன் பெறவே முடியாது என்கிறார்களே?

"முடியாது" என்பது மிகை. குவீன்ஸ்லாந்து ஆய்வில் ஸ்டஃபிலோகாக்கஸை 20 நாள் தொடர்ந்து குறைந்த அளவு சி.பி.டி.-யில் வளர்த்தும் அதன் எதிர்ப்பு குறிப்பிடத்தக்க அளவு கூடவில்லை. ஒப்பீட்டுக்கு வைத்திருந்த டாப்டோமைசின் என்ற ஆன்டிபயாடிக்குக்குப் பல மடங்கு கூடியது. 20 நாள் சோதனைக்குழாயில் நடந்தது, கோடிக்கணக்கான மனிதர்களிடம் 20 ஆண்டு பயன்படுத்திய பிறகும் நடக்கும் என்று சொல்ல முடியாது.

கஞ்சா புகைத்தாலோ பாங் குடித்தாலோ தொற்று குணமாகுமா?

ஆகாது. புகையிலோ பானத்திலோ வரும் அளவு, இரத்தப் புரதங்கள் விழுங்கிய பிறகு, கிருமியைத் தடுக்கும் செறிவின் அருகில்கூட வராது. கஞ்சா இலைப் பொடியில் ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சையின் வித்துகள் இருக்கக்கூடும் என்பதால், நோய் எதிர்ப்புச் சக்தி குன்றியவர்கள் அதைப் புகைப்பது நுரையீரலில் புதிய தொற்றையே வரவழைக்கலாம்.

இணையத்தில் விற்கும் விஜயா எண்ணெயைப் புண்ணில் தடவலாமா?

தடவ வேண்டாம். விஜயா என்ற பெயரில் ஆயுஷ் உரிமத்தோடு விற்கப்படுபவை கஞ்சா இலையின் சாறு கலந்த ஆயுர்வேதத் தயாரிப்புகள். 2020-இல் கோரமங்களாவில் இதற்கென ஒரு மருத்துவ மையமே திறக்கப்பட்டது. வலி, தூக்கமின்மை போன்றவற்றுக்கு மருத்துவர் பரிந்துரையில் அவை கொடுக்கப்படுகின்றன. அவை ஆன்டிபயாடிக்காகத் தரப்படுத்தப்பட்டவை அல்ல. குப்பிக்குக் குப்பி கன்னாபினாய்டு அளவு மாறலாம். கண், ஆழமான புண் ஆகியவற்றுக்கு வேண்டிய கிருமிநீக்கமும் செய்யப்பட்டிராது. சீழ் வைத்த புண்ணிலும் சர்க்கரை நோயாளியின் கால் புண்ணிலும் கண்ட எண்ணெயைத் தடவி இரண்டு வாரம் கழித்து மருத்துவமனைக்கு வருபவர்களின் சீழ் மாதிரி எங்கள் மேசைக்கு வரும்போது, பெரும்பாலும் கிருமி எலும்பு வரை போயிருக்கும்.

சித்த மருத்துவத்திலும் கஞ்சா இருக்கிறதே, அப்படியானால் நம் முன்னோருக்கு இது தெரிந்திருந்ததா?

சித்த, ஆயுர்வேத மருந்துகள் பலவற்றில் கஞ்சா சுத்தி செய்யப்பட்டுச் சேர்க்கப்படுகிறது. வயிற்றுப்போக்கு, பசியின்மை, வலி, தூக்கம் ஆகியவற்றுக்கே பெரும்பாலும். அந்த அனுபவ அறிவு மதிக்கத்தக்கது, எந்தச் செடியை முதலில் ஆராயலாம் என்று வழிகாட்டவும் அது உதவும். ஆனால் பாக்டீரியா என்ற ஒன்றையே 19-ஆம் நூற்றாண்டில்தான் நோய்க்குக் காரணமாக நிறுவினார்கள் என்பதால், எம்.ஆர்.எஸ்.ஏ.-வுக்கான மருந்து பழைய சுவடியில் இருக்கிறது என்று வாதிடுவது சித்தர்களுக்கும் நியாயம் செய்வதாகாது.

இதையொட்டி ஒன்று சொல்ல வேண்டும். இன்றுவரை உடல் முழுவதற்கும் கொடுக்கப்படும் முக்கிய ஆன்டிபயாடிக் எதுவும் பூக்கும் தாவரத்திலிருந்து வந்ததில்லை. எல்லாம் பூஞ்சை, பாக்டீரியா அல்லது வேதியியலாளரின் கண்ணாடிக் குடுவையிலிருந்து வந்தவை. மரமஞ்சளில் உள்ள பெர்பெரினும் கிருமியைத் தாக்கக்கூடியதுதான், ஆனால் ஸ்டஃபிலோகாக்கஸ் தன் சவ்விலுள்ள நோர்-ஏ என்ற பம்பின் வழியாக அதை வெளியே தள்ளிவிடுகிறது. கன்னாபினாய்டுகளோ அந்தப் பம்பு மிகையாக உள்ள கிருமியையும் அதே அளவில் தடுத்தன என்று 2008-ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. தாவரப் பொருள்களில் இவை தனித்துத் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இந்தியச் சட்டப்படி இதை ஆராய முடியுமா?

முடியும். 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு தடை விதிக்கும்போதே மருத்துவ, அறிவியல் நோக்கங்களுக்கு விலக்கு அளிக்கிறது. அந்தச் சட்டத்தில் கஞ்சா என்பது பூக்கும் அல்லது காய்க்கும் நுனிப்பகுதி. நுனி இல்லாமல் தனியாக உள்ள இலையும் விதையும் அதில் சேரா. 2022-இல் பாங் தொடர்பான ஒரு ஜாமீன் மனுவில் கர்நாடக உயர் நீதிமன்றம் இதையே சுட்டிக்காட்டியது. சாகுபடிக்கு உரிமம் தருவது மாநிலத்தின் கையில் இருக்கிறது. உத்தராகண்ட் 2018-இல் போதை குறைந்த சணல் வகைக் கஞ்சாவின் சாகுபடிக்கு வழிவிட்டது. ஜம்முவில் உள்ள சி.எஸ்.ஐ.ஆர். ஒருங்கிணைந்த மருத்துவ நிறுவனம் சத்தா பண்ணையில் ஒரு கனடா நிறுவனத்தோடு சேர்ந்து கஞ்சா ஆராய்ச்சித் திட்டம் நடத்துகிறது. 2020 டிசம்பரில் ஐக்கிய நாடுகளின் ஆணையம் கஞ்சாவை மிகக் கடுமையான நான்காம் பட்டியலிலிருந்து ஆதரவாக 27, எதிராக 25 என்ற வாக்குகளில் நீக்கியபோது இந்தியாவும் ஆதரித்து வாக்களித்தது.

வீட்டு மாடியில் தொட்டியில் வளர்த்து "ஆராய்ச்சி" என்று சொல்வதற்கு இவை எதுவும் இடம் தரவில்லை. அது சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.

சொல்லப்போனால், மருந்து உருவாக்கத்துக்குத் தோட்டமே தேவைப்படாமல் போகலாம். சி.பி.ஜி.-யை ஒலிவெட்டால், ஜெரனியால் என்னும் இரண்டு எளிய வேதிப்பொருள்களிலிருந்து ஆய்வகத்திலேயே செய்யலாம். 2019-இல் கலிஃபோர்னியாவில் ஜே கீஸ்லிங் குழு ஈஸ்டின் மரபணுக்களை மாற்றி, அது சர்க்கரையைத் தின்று கன்னாபினாய்டுகளைச் சுரக்கும்படி செய்து காட்டியது. மருந்து நிறுவனங்கள் இதை விரும்பும், ஏனென்றால் செடி மழைக்கும் மண்ணுக்கும் ஏற்ப மாறும், நொதிகலனில் வரும் பொருள் மாறாது.

பெங்களூருவில் யாராவது புதிய ஆன்டிபயாடிக் செய்கிறார்களா?

செய்கிறார்கள், ஆனால் கஞ்சாவிலிருந்து அல்ல. ஹெப்பாளில் இருந்த அஸ்ட்ராஜெனகா ஆய்வு மையம் 2014-இல் மூடப்பட்டபோது, அங்கே தொற்றுநோய் மருந்துகளில் பழகிய விஞ்ஞானிகள் நகரம் முழுக்கச் சிதறினார்கள். அவர்களில் சிலர் சேர்ந்து அதே ஆண்டு தொடங்கிய பக்வொர்க்ஸ் நிறுவனம், பெல்லாரி சாலையில் ஜி.கே.வி.கே. வேளாண் பல்கலைக்கழக வளாகத்துக்குள் இருக்கும் சி-கேம்ப் என்ற உயிரியல் ஆய்வு மையத்தில் வளர்ந்து, பன்னாட்டு நிதியுதவியோடு, கிராம்-நெகட்டிவ் கிருமிகளின் மரபுப்பொருள் படியெடுப்பைத் தடுக்கும் ஒரு மூலக்கூறை மனிதப் பரிசோதனை வரை கொண்டுபோயிருக்கிறது. சென்னையின் ஆர்க்கிட் நிறுவனத்தில் பிறந்த, ஆன்டிபயாடிக்கோடு துணையாகச் சேர்க்கப்படும் என்மெட்டாசோபாக்டம் 2024 பிப்ரவரியில் அமெரிக்க ஒப்புதல் பெற்றது. நல்ல ஆன்டிபயாடிக்குகள் நம் பகுதியிலிருந்து வர முடியும் என்பதற்குச் சான்று தேடுபவர்கள் கஞ்சாச் செய்திகளை விட்டுவிட்டு இவற்றைப் படிக்கலாம்.

மருந்தாக வந்தால் எந்த வடிவில் முதலில் வரும்? எப்போது?

மேற்பூச்சாக, அதிலும் மூக்கில் தடவும் களிம்பாக வர வாய்ப்பு அதிகம். ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் பலரின் மூக்கின் முன்பகுதியில் தொந்தரவில்லாமல் குடியிருக்கிறது. அறுவை சிகிச்சைக்கு முன் அதை அகற்றினால் காயத்தில் தொற்று குறையும். இன்று அதற்கு முபிரோசின் என்ற ஆன்டிபயாடிக் களிம்பு பயன்படுகிறது, அதற்கும் எதிர்ப்பு வந்துகொண்டிருக்கிறது. மூக்கின் முன்பகுதியில் இரத்தப் புரதம் குறுக்கிடுவதில்லை என்பதால் சி.பி.டி.-யின் பெரிய குறை அங்கே குறையாகாது. குவீன்ஸ்லாந்து குழுவோடு சேர்ந்து உழைத்த ஆஸ்திரேலிய நிறுவனமான போட்டானிக்ஸ், இதே நோக்கத்தோடு சி.பி.டி. மூக்குப் பூச்சு ஒன்றை இரண்டாம் கட்ட மனிதப் பரிசோதனை வரை கொண்டுபோனது.

எப்போது என்பதைவிட யார் பணம் போடுவார்கள் என்பதே கடினமான கேள்வி. புதிய ஆன்டிபயாடிக்கை மருத்துவர்கள் கடைசி ஆயுதமாகப் பூட்டி வைப்பார்கள், அப்படித்தான் வைக்கவும் வேண்டும். ஆனால் விற்காத மருந்தை வைத்துக்கொண்டு நிறுவனம் பிழைக்க முடியாது. அமெரிக்காவின் அகாவோஜென் நிறுவனம் 2018-இல் பிளாசோமைசின் என்ற புதிய ஆன்டிபயாடிக்குக்கு ஒப்புதல் பெற்று, அடுத்த ஆண்டே திவாலானது. இத்தனைக்கும் 2019-இல் மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாத் தொற்றுகளை நேரடிக் காரணமாகக் கொண்டு உலகில் ஏறத்தாழ 12.7 லட்சம் பேர் இறந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள்.

வலிப்புக்கு சி.பி.டி. மருந்து சாப்பிடும் குழந்தைக்குத் தொற்று வராதா? மற்ற மருந்துகளோடு மோதுமா?

அந்த மருந்து எபிடியோலெக்ஸ். 2018-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற தூய சி.பி.டி. அதைச் சாப்பிடும் குழந்தைக்கும் மற்றக் குழந்தைகளைப் போலவே தொற்று வரும், ஆன்டிபயாடிக்கும் வழக்கம்போலவே தேவைப்படும். மோதல் உண்டு. சி.பி.டி. கல்லீரலின் நொதிகள் வழியாகச் சிதைகிறது. காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் அந்த நொதிகளைத் தூண்டி சி.பி.டி.-யின் அளவை இரத்தத்தில் குறைத்துவிடும், அதனால் வலிப்பு திரும்ப வரலாம். வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மருந்தோடு சேர்ந்தால் கல்லீரல் நொதி அளவுகள் உயரக்கூடும் என்பதால் இடையிடையே இரத்தப் பரிசோதனை செய்வார்கள். க்ளோபசாம் என்ற இன்னொரு வலிப்பு மருந்தோடு சேர்ந்தால் அதிகத் தூக்கக் கலக்கம் வரும். விஜயா எண்ணெய் சாப்பிடுபவர்களும் இதே காரணத்தால், காய்ச்சலுக்கோ காசநோய்க்கோ மருத்துவரைப் பார்க்கும்போது அதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.